11 வாரக் குழந்தைக்குப் பின்மண்டை தட்டை, கழுத்து ஒரே பக்கம்: உரம் எடுக்கலாமா?

கேள்வி
பையனுக்கு 11 வாரம். வலது பின்மண்டை தட்டையாகிவிட்டது. எப்படிப் படுக்கப்போட்டாலும் முகம் வலப்பக்கமே போகிறது, தலை இடது தோள் பக்கம் சாய்கிறது. மடியில் போட்டு இடது மார்பில் கொடுத்தால் குடிக்கிறான், வலதில் திமிறி அழுகிறான். உரம் விழுந்திருக்கு, புடவையில் போட்டு உருட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். கடுகுத் தலையணையும் வாங்கியாச்சு. என்ன செய்வது?

குழந்தை நல மருத்துவர்
தயவுசெய்து உரம் எடுக்காதீர்கள். தலை நிற்காத குழந்தையின் கழுத்தை அது குலுக்கும், தசையை நீட்டாது. காதுக்குப் பின்னிருந்து காறை எலும்புக்கு இறங்கும் தசை இடப்பக்கம் குட்டையாக இருந்தால் தலை இடப்பக்கம் சாயும், முகவாய் வலப்பக்கம் திரும்பும். இதற்கு டார்டிகாலிஸ் என்று பெயர். நீங்கள் சொன்னதெல்லாம் இதோடு பொருந்துகிறது. வலது மார்புக்கு முகத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டியிருப்பதால்தான் அழுகிறான். ஒரே இடத்தில் பாரம் விழுந்து மண்டை தட்டையாகிறது.

மடியில் தாங்கி உட்காரவைத்து உச்சியிலிருந்து பாருங்கள். வலது காதும் வலது நெற்றியும் முன்னால் தள்ளி, தலை இணைகரம் போலத் தெரிந்தால் படுக்கையால் வந்தது. காது பின்னால் இழுபட்டு, மண்டை ஓட்டின் இணைப்பில் வரப்பு போல் தட்டுப்பட்டால் எலும்பு முன்கூட்டியே ஒட்டியிருக்கலாம்; அதற்கு நரம்பு அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும். இடது கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று டாக்டரிடம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்த சில வாரங்களில் வரும் அந்தக் கட்டி பெரும்பாலும் தானே கரையும். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டும் நழுவியிருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடுகுத் தலையணையை எடுத்துவிடுங்கள். மூச்சுத்திணறல் அபாயம் இருப்பதால் தலை வடிவத்தைச் சரிசெய்வதாகச் சொல்லும் தலையணைகளே வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2022இல் எச்சரித்தது. தூங்கும்போது மல்லாக்கத்தான்.

குழந்தைகள் பிசியோதெரபிஸ்ட்
கழுத்துத் தசையை நீட்டும் பயிற்சியை நேரில் ஒருமுறை கற்றுக்கொண்டு செய்யுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு கையால் வலது தோளை மெத்தையோடு பிடித்து, மறு கையால் முகவாயை மெதுவாக இடது தோள் பக்கம் திருப்பி 30 விநாடி. அடுத்து இடது தோளைப் பிடித்து, வலது காதை வலது தோள் பக்கம் சாய்த்து 30 விநாடி. ஒவ்வொன்றும் 3 முறை, துணி மாற்றும்போதெல்லாம். பால் குடித்த உடனே வேண்டாம். முகம் நிறம் மாறினால், எதிர்த்துத் திமிறினால் விட்டுவிடுங்கள்.

விழித்திருக்கும்போது குப்புறப் போடுங்கள். 2-3 நிமிடமாகத் தொடங்கி நாளுக்கு மொத்தம் 30 நிமிடத்துக்கு மேல் போகலாம். படுக்கவைக்கும்போது ஜன்னலும் நீங்களும் அவனுக்கு இடப்பக்கம் வரும்படி தலைமாட்டை மாற்றுங்கள். வலது மார்பில் மறுத்தால் கக்கத்தில் இடுக்கிக் கொடுங்கள், ஆனால் மடியில் போட்டும் தினமும் முயலுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. நான் திருப்பினால் இடப்பக்கம் முழுதாகத் திரும்புகிறது, தானாகத் திரும்புவதில்லையே?

பிசியோதெரபிஸ்ட்
அப்போது வலது தோள் மெத்தையை விட்டு எழும்புகிறதா பாருங்கள். எழும்பினால் உடம்புதான் உருள்கிறது, கழுத்து அங்கேயே நிற்கிறது. தோளை அமர்த்திப் பிடித்தபின் எவ்வளவு திரும்புகிறதோ அதுதான் உண்மையான அளவு.

மருத்துவர்
திடீரென்று தொடங்கிய சாய்வு, வாந்தி, காய்ச்சல், சோர்வு, கண் ஒழுங்கில்லாமல் அசைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நிறுத்தி அன்றே காட்டுங்கள்.