மறு: ஸ்கீ (பனிச்சறுக்கு) பயணிகள் தங்கும் மலைவீட்டுக்குக் கலைச்சொல்: ‘தாவளம்’ சரியா?

> ‘மலைக்குடில்’ என்ற சொல்லே போதுமே, புதிதாகத் தேட வேண்டுமா?

அன்புள்ள ஐயா, மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

போதாது என்றே நினைக்கிறேன். குடில் என்றதும் இன்று பலருக்கும் நினைவில் வருவது, சுற்றுலா விடுதிகள் ஒரு குடும்பத்துக்கென வாடகைக்கு விடும் தனி வீடுதான். நோர்வே மலைகளில் இருப்பது வேறு. முன்பின் தெரியாதவர்கள் ஓர் இரவு ஒரே அடுப்பைச் சுற்றி இருந்து, அடுக்குக் கட்டில்களில் படுத்தெழும்பி, காலையில் ஆளுக்கொரு திசையில் ஸ்கீயில் போய்விடுவார்கள். 1868இல் தொடங்கிய நோர்வே மலைப்பயணச் சங்கத்திடம் (டி.என்.டி. என்பார்கள்) இப்படியான மலைவீடுகள் 500க்கு மேல் உண்டு. பெரும்பாலானவற்றில் பணியாளர் எவரும் இல்லை.

இங்கே நோர்வேயில் வளரும் நம் பிள்ளைகள் ஈஸ்டர் விடுமுறையில் நண்பர்களோடு ஹர்டாங்கர்வித்தா மலைச்சமவெளிப் பக்கம் போகிறார்கள். அவர்களின் பெற்றோருக்குத் தமிழில் ஒரு குறிப்பு எழுதுகிறேன். அதில் ‘விடுதி’ என்று போட்டால், அங்கே யாரோ சூடாகச் சமைத்து வைத்திருப்பார்கள் என்று நம்பிவிடுவார்கள்.

நடப்பது இதுதான். முதலில் போய்ச் சேருபவர் சங்கத்தின் பொதுச் சாவியால் கதவைத் திறந்து, உறைந்து கிடக்கும் அறையில் விறகடுப்பை மூட்ட வேண்டும். அடுத்தவர் வாளியோடு வெளியே போய், கழிப்பறையிலிருந்து தள்ளிச் சுத்தமான பனியாகப் பார்த்து அள்ளி வர வேண்டும். உருக்கும்போது பானையின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத்தான் பனியைப் போடுவார்கள், இல்லாவிட்டால் அடிப்பிடித்த மணம் தண்ணீரிலும் ஏறிவிடும். ஈரக் கையுறை, காலுறை எல்லாம் அடுப்புக்கு மேலே தொங்கும். கட்டில்கள் நிறைந்த பிறகு ஒருவர் புயலில் வந்து நின்றால், தரையில் மெத்தை போட்டு இடம் கொடுப்பார்கள். அங்குள்ள பதிவேட்டில் பெயரையும் அடுத்து எங்கே போகிறோம் என்பதையும் எழுதுவது மிக முக்கியம். யாராவது காணாமல் போனால் மீட்புக் குழுவுக்கு அது பெரிய துணை. புறப்படுமுன் கூட்டித் துடைத்து, அடுத்து வருபவருக்கு விறகு பிளந்து உள்ளே அடுக்கிவிட்டுப் போக வேண்டும். காசு வாங்கவும் ஆள் இல்லை. தங்கியவரே கணக்குப் பார்த்துக் கட்டுகிறார், அந்த நம்பிக்கையில்தான் எல்லாம் ஓடுகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

‘சத்திரம்’ நல்ல சொல், ஆனால் சோறும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. எனக்கு மனதளவில் நெருக்கமானது ‘மடம்’. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில், வழிப்போக்கர் தங்குவதற்காகத் தெருவுக்கு மேல் கூரையிட்டுக் கட்டிய தெருமூடிமடத்தைத் தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டு வாசகர் ஆதீனத்தை நினைப்பார். ‘சாவடி’யைச் சுங்கமும் வாக்கும் எடுத்துக்கொண்டுவிட்டன.

‘தாவளம்’ என்பது தங்குமிடத்துக்குப் பழைய சொல். சபரிமலைக்குக் காட்டுவழி நடப்பவர்கள் வழியில் தங்கும் இடத்தை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். பலர் சேர்ந்து தங்குவது, ஒரு இரவோடு கிளம்புவது, அடுத்த இடம் நோக்கிப் போவது, எல்லாமே அதில் இருக்கிறது. எனவே பொதுச்சொல்லாக ‘மலைத்தாவளம்’ என்று முன்மொழிகிறேன்.

> வகைகளுக்கு என்ன செய்வது? ‘சுயசேவை’ போடலாமா?

வேண்டாம் அம்மா. சுயசேவை என்றால் உணவகத்தில் தட்டை நாமே தூக்கிப்போவதோடு முடிந்துவிடும். நோர்வேயில் மூன்று வகை. பணியாளர் இருந்து உணவு தருவது ‘பெத்யெண்ட்’: இதைப் ‘பரிமாறும் தாவளம்’ எனலாம். பேணியில் (டின்னில்) அடைத்த உணவு, சூப், ஓட்ஸ் போன்றவை அலமாரியில் இருக்க, எடுத்துச் சமைத்துவிட்டு விலையைக் கட்டுவது ‘செல்வ்பெத்யெண்ட்’: ‘இருப்புத் தாவளம்’. அப்புறம் ‘உபெத்யெண்ட்’. இதில் அடுப்பு, விறகு, பாத்திரம், போர்வை எல்லாம் உண்டு, உணவு மட்டும் பொதுவாக இருக்காது. முதலில் ‘வெற்றுத் தாவளம்’ என்று எழுதிப் பார்த்தேன். அதைப் படிப்பவர் போர்வையும் இல்லை என்று எண்ணிப் பெரிய மூட்டை கட்டுவார். குளிரில் வீண் சுமையும் ஆபத்துத்தான். ‘உணவிலாத் தாவளம்’ பொருளைச் சரியாகச் சொல்கிறது, வாயில்தான் ஓடவில்லை.

இந்த மூன்றாவதற்கு யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். குறிப்பை ஈஸ்டருக்கு முன் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும்.