சீலிங்கில் மாட்டிய சிஆர்டி ப்ரொஜெக்டர்: மூலையில் சிவப்பு சேர மாட்டேன் என்கிறது, உதவி தேவை

மாடிஅறை:

வணக்கம். ஒரு அலுவலக அரங்கிலிருந்து கழற்றிய மூன்று ட்யூப் சிஆர்டி ப்ரொஜெக்டர் (சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனிப் படக்குழாய்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 8 இன்ச் ட்யூப், மின்காந்தத்தால் கூர்மையாக்கும் எலக்ட்ரோமேக்னடிக் ஃபோகஸ். ட்யூப் முகத்தில் பெரிய தேய்மானத் தடம் எதுவும் இல்லை. மாடி அறையின் கான்கிரீட் கூரையில் ஆங்கர் போல்ட் அடித்து, இரும்புச் சட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டாயிற்று. திரை 7 அடி அகலம், 16:9.

படம் நேராகத்தான் விழுகிறது. நடுவில் மூன்று நிறமும் சேர்கின்றன. வலது கீழ் மூலையில் மட்டும் சிவப்பு விலகி நிற்கிறது. மூன்று நிறத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் கன்வெர்ஜென்ஸைக் கடைசிவரை தள்ளியும் ஒரு விரல்கடை பாக்கி. அதே மூலையில் பச்சையும் மங்கல், மேல் பாதி மட்டும் நல்ல கூர்மை. மாட்டிக் கொடுத்தவர் "பழைய ட்யூப், இவ்வளவுதான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருட்டறையில் இதன் கறுப்பைப் பார்த்த பிறகு விட மனசில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பழைய ராஸ்டர்:

முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். படத்தைத் திரைக்குள் கொண்டுவர ஷிஃப்ட் எவ்வளவு தள்ளியிருக்கிறது? பச்சை லென்ஸிலிருந்து திரையின் மேல் மூலை இரண்டுக்கும் டேப் பிடித்தால் தூரம் ஒன்றா?

மாடிஅறை:

அளந்துவிட்டேன் சார். 4 செ.மீ. வித்தியாசம் இருக்கிறது. ஷிஃப்ட் ஒரு பக்கமாக நிறையவே போயிருக்கிறது.

பழைய ராஸ்டர்:

அப்படியென்றால் ட்யூபைக் குறை சொல்ல வேண்டாம். போல்ட்டில் சரிசெய்ய வேண்டியதை ரிமோட்டில் சரிசெய்திருக்கிறார்கள். ஷிஃப்ட் என்பது படத்தைத் திரையில் நகர்த்துவது போலத் தெரிந்தாலும், உண்மையில் நகர்வது ட்யூப் முகத்தில் எழுதப்படும் ராஸ்டர், அதாவது ஒளிக்கோடுகளால் ஆன படம். அது பாஸ்பரின் (ட்யூப் முகத்தில் ஒளிரும் பூச்சின்) நடுவை விட்டு ஓரத்துக்குப் போனால் லென்ஸின் ஓரத்து வழியாகத்தான் படம் வெளியே வரும். மூலை மங்கும், கன்வெர்ஜென்ஸுக்குச் சக்தி போதாமல் போகும். நீங்கள் சொல்கிற இரண்டு குறையும் ஒரே இடத்தில் பிறக்கின்றன.

கான்ட்ராஸ்ட்டை நன்றாகக் குறைத்து, க்ராஸ்ஹேட்ச் (கட்டக்கோடு பேட்டர்ன்) போட்டுவிட்டு, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். ட்யூப் முகத்தில் அந்தக் கட்டம் ஒளிரும். இடதுக்கும் வலதுக்கும், மேலுக்கும் கீழுக்கும் விளிம்பு இடைவெளி சமமாக வரும்வரை ஷிஃப்டைத் திருப்புங்கள். அப்போது படம் திரையை விட்டு வெளியே போகும், போகட்டும். இனி ஷிஃப்டைத் தொடக்கூடாது. திரையின் நடுவிலிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டு, பச்சை லென்ஸ் அந்தக் கோட்டுக்கு நேராக வரும்படி சட்டத்தை நகர்த்துங்கள். மேல் மூலை இரண்டுக்கும் தூரம் சமமாக வேண்டும், கீழ் மூலை இரண்டுக்கும் அப்படியே. போல்ட்டைத் தளர்த்தும்போது கீழே ஒரு ஸ்டூலோ சாரமோ தாங்கி நிற்கட்டும், இதன் எடை சாதாரணமானது இல்லை.

இன்னொன்றும் உண்டு, உங்கள் விஷயத்தில் இதுதான் பெரியது என்று நினைக்கிறேன். சிவப்பும் நீலமும் பச்சையை நோக்கி உள்பக்கம் திரும்பியிருக்கும் கோணம் திரை அகலத்தைப் பொறுத்தது. அரங்கில் பெரிய திரைக்கு வைத்த கோணம் 7 அடிக்குப் பொருந்தாது. எந்த ஸ்க்ரூ, எந்த நிலை என்பது மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் மேனுவலில் அட்டவணை இருக்கும். உள்ளே கைவைக்கும் முன் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். 30,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும் சமாச்சாரம், ஆஃப் செய்த பிறகும் தேங்கி நிற்கும். அந்தப் பகுதிப் பக்கமே போக வேண்டாம்.

நீலவிளக்கு:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். கன்வெர்ஜென்ஸில் உட்காரும் முன் என்ன சிக்னல் கொடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். 60 ஹெர்ட்ஸில் 720பி என்றால் வரிகள் ஓடும் வேகம் 45 கிலோஹெர்ட்ஸ், 1080பி என்றால் 67.5. ஒவ்வொன்றுக்கும் தனி மெமரி, ஒன்றில் செய்த வேலை இன்னொன்றுக்கு வராது. 8 இன்ச் ட்யூபில் 1080பி-யின் வரிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், எனக்கு 720பி-தான் பிடித்தது. அப்புறம் கரன்ட். ரிலே ஸ்டெபிலைசர் டக் டக்கென்று மாறினால் படமும் துள்ளும். ஆன்லைன் யுபிஎஸ் இருந்தால் நிம்மதி.

மாடிஅறை:

பெரிய நன்றி இருவருக்கும். சட்டத்தை நகர்த்தினேன், மேனுவல் பார்த்துக் கோணத்தையும் மாற்றினேன். சிவப்பு இப்போது மூலைவரை வந்து பச்சையோடு சேர்கிறது, கன்வெர்ஜென்ஸ் பாதி அளவு கூடத் தேவைப்படவில்லை! 720பி-யில் வைத்துவிட்டேன். இரண்டு குறை மிச்சம். பச்சையில் மேல் பாதியைக் கூர்மையாக்கினால் கீழ் பாதி மங்குகிறது. புள்ளி பேட்டர்ன் போட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பக்கமாக வால் இருக்கிறது.

பழைய ராஸ்டர்:

மேல் கீழ் விஷயம் லென்ஸின் சாய்வு. ப்ரொஜெக்டர் மேலேயிருந்து சரிவாக அடிப்பதால் லென்ஸும் ட்யூபும் கொஞ்சம் சாய்ந்து உட்கார வேண்டும். அதற்கான ஸ்க்ரூவில் கால் சுற்று, அரைச் சுற்று என்று போய்ப் பாருங்கள். லென்ஸில் இரண்டு விங் நட் இருக்கும். பெரும்பாலும் ஒன்று நடுவுக்கு, இன்னொன்று ஓரத்துக்கு. திரைக்கு முகத்தை ஒட்டி நின்று பச்சையின் வரிகளைத் தனித்தனியாக எண்ண முடிகிறதா என்று பார்த்துக்கொண்டே, இன்னொருவரைத் திருப்பச் சொல்லுங்கள்.

வால் என்பது அஸ்டிக் (அஸ்டிக்மாடிசம்), அதாவது புள்ளி வட்டமாக இல்லாமல் இழுபடுவது. மின் ஃபோகஸை வேண்டுமென்றே ஒரு பக்கம் கலைத்தால் புள்ளி பூசணிப்பூ போல விரியும், நடுவில் ஒரு பிரகாசமான கரு தெரியும். 2 துருவக் காந்தத்தால் கருவை விரிவின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், 4 துருவக் காந்தத்தால் வட்டமாக்குங்கள். பிறகு ஃபோகஸைத் திருப்பினால் வால் இருக்காது. பச்சையை முழுதாக முடித்துவிட்டுத்தான் சிவப்பு, கடைசியில் நீலம். இதெல்லாம் குறைந்தது அரை மணி நேரம் சூடான பிறகு. குளிர்ந்த மெஷினில் செய்த கன்வெர்ஜென்ஸ் இடைவேளைக்குள் நகர்ந்துவிடும்.

நீலவிளக்கு:

நீலத்தை மட்டும் முழுக் கூர்மைக்குக் கொண்டுபோக வேண்டாம். நீல பாஸ்பர் வெளிச்சம் கூடக் கூடச் சோர்ந்துவிடும், வெள்ளைப் பகுதி மஞ்சள் தட்டும். மின் ஃபோகஸைத் துளி கலைத்தால் பாஸ்பரின் அதிகப் பரப்பு வேலை செய்யும், சாம்பல் நிறம் கீழிருந்து மேல்வரை ஒரே சீராக வரும். கண் நீலத்தின் கூர்மையை அவ்வளவாகக் கவனிக்காது. பிறகு ஒவ்வொரு நிறத்தின் அளவையும் மாற்றும் கட்ஆஃபை இருட்டுப் பகுதிக்கும், கெய்னை வெளிச்சப் பகுதிக்கும் மாற்றி மாற்றி வைத்து வெள்ளையின் நிறத்தை வழக்கமான அளவான 6500 கெல்வினுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கொஞ்சம் நகரும், ஆகவே ஒரே சுற்றில் முடியாது. பேட்டர்னை அதிக வெளிச்சத்தில் நெடுநேரம் விடாதீர்கள், அந்தக் கோடுகளே ட்யூபில் பதிந்துவிடும்.