மறு: 'இன் ஆர்டர் டூ': நோக்க வினையெச்சமா, பொருட்டெச்சமா?

வணக்கம்.

> மென்பொருள் தமிழாக்கக் கையேட்டில் 'இன் ஆர்டர் டூ' வரும் இடமெல்லாம் 'பொருட்டு' என்று போட்டுவிடலாமே?

வேண்டாம் ஐயா. 'கோப்பைத் திறக்கும் பொருட்டு இங்கே சொடுக்கவும்' என்று திரையில் வந்தால் தாசில்தார் அலுவலக அறிவிப்பு மாதிரி இருக்கிறது. 'கோப்பைத் திறக்க இங்கே சொடுக்கவும்' போதும். ஆங்கிலத்திலேயே முதல் இரண்டு சொல்லை வெட்டினால் பெரும்பாலும் பொருள் கெடுவதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'திறக்க' போன்ற வடிவத்தை இலக்கணத்தில் 'செய' என்னும் எச்சம் என்பார்கள். அது நோக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. 'மழை பெய்ய நெல் விளைந்தது' என்றால் மழை காரணம். 'ஞாயிறு பட வந்தான்' என்றால் அது வெறும் நேரம். சூரியனை மறையவைக்க அவன் வரவில்லை! 'உண்ண வந்தான்' என்பதில்தான் நோக்கம். இந்தக் கடைசி வகையைக் கையேட்டில் தனியாகச் சுட்டத்தான் பெயர் கேட்கிறோம்.

> 'நோக்க வினையெச்சம்' போதாதா?

புரியும், சரி. ஆனால் நீளம். 'பொருட்டெச்சம்' என்பது என் பரிந்துரை. நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும்போது கொடை, பகை ஆகியவற்றோடு 'பொருட்டு' என்பதையும் நன்னூல் சொல்கிறது. 'கூலிக்கு வேலை செய்தான்' அந்த வகை. குறளிலும் 'வேளாண்மை செய்தற் பொருட்டு' என்று இரண்டு இடத்தில் (81, 212) வருகிறது. 'உண்பான் வந்தான்' போன்ற பழைய வான், பான், பாக்கு ஈற்று எச்சங்களும் இந்தப் பெயருக்குள் அடங்கிவிடும். வாக்கியத்தில் 'பொருட்டு' வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெயரில் மட்டும் வைக்கிறேனே என்று சிரிக்காதீர்கள். பெயர் கையேட்டுக்குள் இருக்கும், திரைக்கு வராது.

--

அண்ணா, 'அவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை' என்ற பொருளில் யாராவது எடுத்துக்கொண்டால்? அப்புறம், 'எல்லோருக்கும் தெரியும்படி எழுத்தைப் பெரிதாக்கு' என்பதும் நோக்கம்தானே?

--

'எச்சம்' கூட வருவதால் அந்தக் குழப்பம் வராது தம்பி. 'தெரியும்படி' நல்ல கேள்வி. அதில் நோக்கம் உண்டு. ஆனால் 'தெரியும்' பெயரெச்சம், 'படி' தனிச்சொல். 'விதிப்படி' என்பதில் அதே 'படி'க்கு நோக்கமே இல்லை. ஆகவே 'தெரியும்படி', 'தெரியும் வண்ணம்' என்று வரும் படி, வண்ணம் இரண்டையும் பொருட்டெச்சத்தில் சேர்க்காமல் அடுத்த பத்தியில் வைக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.