ஹிமாலயனில் டென்ட் மூட்டை நிற்கவே மாட்டேன் என்கிறது

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், 2019 மாடல். பின்னால் வண்டியோடு வந்த கேரியர் மட்டும்தான், பக்கவாட்டு ஸ்டே (பை மாட்டும் இரும்புச் சட்டம்) இல்லை. பின் சீட்டிலும் கேரியரிலுமாகக் குறுக்கே ஒரு டிரை பேக் (தண்ணீர் புகாத பை), அதன்மேல் டென்ட், ஸ்லீப்பிங் பேக். எல்லாம் சேர்த்து 10 கிலோ வரும்.

போன மாதம் ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறினேன். 40 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் மூட்டை வலது பக்கம் சரிந்து, பேக்கின் அடி சைலன்சரில் பட்டு உருகிவிட்டது. இடது பக்கம் சாய்ந்திருந்தாலாவது தப்பித்திருக்கும்!

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு கிளம்பும்போது விறைப்பாக இருக்கிறது, குலுங்கக் குலுங்கத் தளர்ந்துவிடுகிறது. வலை போட்டால் டென்ட் கம்பு நழுவி வெளியே வருகிறது. லாரிக்காரர்களின் ராட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டை) நன்றாகவே பிடித்தது. ஆனால் அதன் கொக்கி வாய் கேரியர் கம்பிக்குள் நுழையவில்லை, கைக்கு அகப்படுவது இண்டிகேட்டர் தண்டுதான். அதில் மாட்ட மனசு வரவில்லை. அப்புறம் அடியில் சைக்கிள் டியூப் வெட்டிப் போட்டேன், வழுக்கல் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

ஜூலையில் மணாலியிலிருந்து லே போகிறேன், வழியில் சர்ச்சுவில் டென்ட் போட வேண்டும். ஸ்டே வெல்டிங் இல்லாமல், இந்த வண்டியில் பெல்ட்டை எந்தெந்த இடத்தில் கோர்த்துக் கட்டுகிறீர்கள்? போட்டோ இருந்தால் போடுங்கள்.