கோலொகேஷனுக்கு ‘இணைவு’ வேண்டாம், ‘ஓரிட நிலைநிறுத்தம்’ என் பரிந்துரை

வணக்கம். பல செயற்கைக்கோள்களை விண்ணில் ஒரே இடத்தில் வைத்து இயக்குவதுதான் ‘கோலொகேஷன்’. அதற்குத் தமிழில் ‘இணைவு’, ‘உடனமைவு’ என்ற சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. ‘இணைவு’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. 2025 ஜனவரியில் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் விண்வெளியில் பொருந்தியதை நாம் ‘இணைப்பு’ என்றுதான் சொல்கிறோம். புவிநிலைப் பாதையில் (பூமியின் சுழற்சியோடு சேர்ந்து சுற்றுவதால் தரையிலிருந்து பார்க்க அசையாமல் நிற்பது போலத் தெரியும் பாதை) ஒரே இடத்தைப் பங்கிடும் செயற்கைக்கோள்களுக்கோ ஒன்றையொன்று நெருங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வேலையே.

கிழக்குத் தீர்க்கரேகை 83 டிகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் தகவல்தொடர்புக் கோள்களான இன்சாட்-4ஏ, ஜிசாட்-10, ஜிசாட்-12 எல்லாம் அங்கே ஒண்டுக்குடித்தனம் இருந்தவை. அப்புறம் 2020 ஜனவரியில் இன்சாட்-4ஏ-வுக்கு மாற்றாக ஜிசாட்-30, அதே ஆண்டு டிசம்பரில் ஜிசாட்-12-க்கு மாற்றாக சிஎம்எஸ்-01 ஏவப்பட்டன. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது ஒரே ஒரு வளையம், அதில் இடம் வாங்கப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் நடைமுறைகளையெல்லாம் தாண்டி வர வேண்டும், அதனால் கையில் இருக்கும் இடத்திலேயே இன்னொரு கோளைச் சேர்த்துக் கொள்ளளவைக் கூட்டுவதுதான் புத்திசாலித்தனம். மொட்டைமாடி டிஷ்ஷையும் திருப்ப வேண்டியதில்லை.

‘இடம்’ என்பதும் ஒரு புள்ளி அல்ல. கிழக்கே 0.1 டிகிரி, மேற்கே 0.1 டிகிரி என்பது வழக்கமான வரம்பு, அந்த உயரத்தில் அது ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலம். நிலவும் சூரியனும் இழுத்துப் பாதையைச் சாய்க்கும், பூமி சரியான உருண்டையாக இல்லாததால் கிழக்கு மேற்காகவும் நகரும். ஹாசனிலும் போபாலிலும் உள்ள கட்டுப்பாட்டு மையங்கள் அவ்வப்போது உந்துபொறிகளை இயக்கி இழுத்துப் பிடிக்கின்றன. ஒரே இடத்தில் பல கோள்கள் இருந்தால் ஒவ்வொன்றின் பாதைக்கும் சற்றே வேறான நீள்வட்டமும் சாய்வும் கொடுப்பார்கள், அதனால் எல்லாம் அதே எல்லைக்குள் ஊசலாடினாலும் இடைவெளி ஆபத்தான அளவுக்குக் குறையாது.

இவ்வளவு உழைப்பு இருக்கும்போது ‘உடனமைவு’ என்றால் ஏதோ தானாக அமைந்துவிட்டது போலத் தொனிக்கிறது. கோளை ‘நிலைநிறுத்தினார்கள்’ என்று செய்தித்தாளில் எல்லோரும் படித்துப் பழகியிருக்கிறோம், எனவே ‘ஓரிட நிலைநிறுத்தம்’ என்றால் விளக்கமே தேவைப்படாது. நீளம்தான், ஆனால் ‘ஓரிட நிறுத்தம்’ என்று சுருக்கினால் பேருந்து நிறுத்தம் ஞாபகம் வரும், வேண்டாம். கோள்களை ‘ஓரிடக் கோள்கள்’ என்று சொல்லிவிடலாம், அவற்றை வரம்புக்குள் வைத்திருக்கும் தொடர் வேலைக்கு ‘நிலைகாப்பு’. ஒரு கோளை வேறு டிகிரிக்கு நகர்த்துவதற்கு ‘இடமாற்றம்’ என்ற பழைய சொல்லே போதும்.

சரி, மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், இல்லையென்றால் ‘ஓரிட நிலைநிறுத்தம்’, ‘ஓரிடக் கோள்கள்’, ‘நிலைகாப்பு’ மூன்றையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.