கூட்டினால் மட்டும் விகிதம் ஏன் மாறிவிடுகிறது?

தாராவி இட்லிக்கடை:
வணக்கம். தாராவியில் இட்லி அவித்து, விடியற்காலையில் சைக்கிளில் மாட்டுங்கா பக்கம் கொண்டுபோய் விற்கிறேன். மகள் ஆறாம் வகுப்பு. பள்ளியில் சமான விகிதம் நடக்கிறது. நம்மிடம் இல்லாத விகிதமா என்று நேற்று நானே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன்.

எங்கள் அளவு 12 கிலோ அரிசிக்கு 3 கிலோ உளுந்து. 4 : 1 என்று சரியாகச் சுருக்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாவு கூடுதலாக வேண்டுமே என்றேன். "இரண்டு பக்கமும் மூன்று கூட்டுங்கள் அப்பா, 15 : 6" என்றாள். அப்படி ஊறப்போட்டால் இட்லி பிசுபிசுவென்று ஒட்டும், அது என் கைக்குத் தெரியும். "இரண்டு பக்கமும் ஒரே எண்ணால் பெருக்கலாம், வகுக்கலாம், கூட்டினால் மட்டும் ஏன் தப்பு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நல்ல கேள்வி, மழுப்ப மனம் வரவில்லை.

இன்னொன்று: 10 கிலோ அரிசி, 2 கிலோ 500 கிராம் உளுந்து. இதை 10 : 2500 என்று எழுதி, 1 : 250 என்று முடித்தாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பூர் கணக்கு டீச்சர் (ஓய்வு):
தம்பி, சந்தையில் கூறு கட்டி வைப்பார்களே, அப்படிக் காட்டுங்கள். நாலு டம்ளர் அரிசி, பக்கத்தில் ஒரு டம்ளர் உளுந்து. இது ஒரு கூறு. 12 : 3 என்பது இதே போல் மூன்று கூறு, 20 : 5 என்பது ஐந்து கூறு. எத்தனை கூறு வைத்தாலும் ஒவ்வோர் உளுந்து டம்ளருக்கும் நாலு அரிசி டம்ளர் துணை இருக்கும். பெருக்கும்போது கூறுகள் பெருகுகின்றன, வகுக்கும்போது குறைகின்றன, கூறு மாறுவதில்லை. மீப்பெரு பொதுக் காரணி என்று புத்தகத்தில் பயமுறுத்துவது, அதிகபட்சம் எத்தனை கூறாகப் பிரிக்கலாம் என்ற எண்தான். 12, 3 இரண்டுக்கும் அது 3.

குழந்தை கூட்டிய மூன்றும் மூன்றும் 1 : 1 கூறு. வேறு கலவையை உள்ளே கொட்டிவிட்டாள். 15 : 6 சுருங்கினால் 5 : 2, அதாவது ஓர் உளுந்துக்கு இரண்டரை அரிசிதான். கூட்டுவதே தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்! அரிசியில் 4, உளுந்தில் 1 கூட்டட்டும். 16 : 4 அதே 4 : 1தான்.

இரண்டாவது கணக்கில் பிழை அலகில். ஒரு பக்கம் கிலோ, மறு பக்கம் கிராம். 10,000 : 2,500 என்று எழுதி 2,500 ஆல் வகுத்தால் 4 : 1.

சயான் தையல்காரர்:
நான் தேசியக் கொடி தைப்பவன். நீளத்துக்கு அகலம் 3 : 2. பெரியது 6300 × 4200 மி.மீ., மேசையில் வைப்பது 150 × 100 மி.மீ., இரண்டும் அதே விகிதம்தான். 45 × 30 செ.மீ. தாளில் மூலைவிட்டம் போடுங்கள். 15 × 10 செ.மீ. தாளை அந்தக் கோடு தொடங்கும் மூலையோடு பொருத்தி வைத்தால் அதன் எதிர்மூலை கோட்டின் மேலேயே உட்காரும். இரண்டிலும் மூன்று கூட்டி 18 × 13 வெட்டி வையுங்கள். மூலை கோட்டிலிருந்து அகலவாக்கில் ஒரு செ.மீ. விலகி நிற்கும்.

தாராவி இட்லிக்கடை:
டம்ளர் வைத்துக் காட்டினேன், டீச்சர். ஆறாவது கூறை அவளே கட்டி 24 : 6 என்றாள். உடனே அடுத்த கேள்வி: "4 : 1 என்றால் மொத்தத்தில் கால் பங்கு உளுந்தா?"

செம்பூர் கணக்கு டீச்சர் (ஓய்வு):
ஒரு கூறில் மொத்தம் எத்தனை டம்ளர் என்று எண்ணச் சொல்லுங்கள். ஐந்து. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு.