புதுப்பிப்பு: அந்த கம்பூட்ஸ் என்ன ஆச்சுன்னு கேட்டவங்களுக்கு

வாங்கி எட்டு மாசம்கூட ஆகாத ரப்பர் கம்பூட்ஸ் கணுக்கால் மடிப்புல வெடிச்சு தண்ணி உள்ள வருதுன்னு போன மழைல பொலம்பியிருந்தேன்ல, அதோட தொடர்ச்சி. சைக்கிள் பஞ்சர் ஒட்டுற மாதிரி ஒட்டுங்கன்னு சொன்னீங்க. முதல் தடவை ஒட்டினது மூணே நாள்ல பிஞ்சுது, உப்புத்தாள் போடாம அப்படியே ஒட்டிட்டேன். அடுத்த தடவை சொரசொரன்னு தேய்ச்சு, சொல்யூஷன் தடவி, கைல ஒட்டாத அளவுக்கு காயவிட்டு அப்புறம் ட்யூப் துண்ட வச்சு அழுத்தினேன், ரெண்டு மாசமா கேரட் தோட்டத்து சேத்துல தாங்குது.

தப்பு பாதி என்னோடதுதான். தினமும் தகரக் கூரை மேல வெயில்ல காய வச்சிருக்கேன், இயற்கை ரப்பருக்கு வெயிலும் காத்துல இருக்கற ஓசோன் வாயுவும்தான் எமன், அதுவும் மடங்கி இழுபடுற எடத்துலதான் முதல்ல கீறும். மேல வெள்ளையா படிஞ்சது பூஞ்சை இல்லையாம், ரப்பர்ல கலந்த மெழுகு வெளிய வர்றது, துணியால தொடச்சா போயிடுது. இப்பல்லாம் பேப்பர் திணிச்சு நிழல்லதான்.

கடைக்கார அண்ணன் இன்னும் "பிவிசி பிளாஸ்டிக் பூட்ஸ் எடுத்திருக்கலாம்ல"ங்கறார். அண்ணே, ஊட்டி பனிக்கு அது கட்டையா வெறைச்சுக்கும்ணே!